இணைப்புக்கு முன்னே தேர்தல்: வேல்ஸ் நாட்டு ஸ்தல ஸ்தாபனங்கள் கண்ட வழி

சிறு சங்கங்களைச் சேர்த்துப் பெரிய சங்கமாக்குவதா, பெரிய சங்கத்தைப் பிரித்து ஊருக்கொன்றாக அமைப்பதா என்னும் வாதம் நமது கூட்டுறவு மகாநாடுகளில் ஓயாது நடந்து வருவது. இரு கட்சியிலும் நியாயம் உண்டு. பெரிய சங்கத்துக்கு மூலதனம் சேரும். தகுந்த காரியதரிசியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் சக்தியும் உண்டாகும். சிறிய சங்கத்திலோ அங்கத்தினர் ஒவ்வொருவரின் முகமும் நிர்வாகிகளுக்குத் தெரியும். இவ்வாதத்தில் இறங்கித் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையில் நமது நோக்கமன்று. சேர்ப்பதோ பிரிப்பதோ எதுவாயினும், பழைய அமைப்புப் போய்ப் புதியது வரும் இடைக்காலத்தில் அங்கத்தினரின் சார்பாகக் கையெழுத்திடுபவர் யார் என்னும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை தேடச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 1995ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் இவ்விஷயத்தில் நமக்கு மிகவும் பயன்படும் என்று கருதுகிறோம்.

வேல்ஸ் என்றதும் படித்தவர்களுக்கு நிலக்கரிச் சுரங்கம் நினைவுக்கு வரும். ஆனால் நெசவாளர்க்கு அந்நாடு அந்நியமானதன்று. நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மான்ட்கோமெரி ஜில்லாவில், நியூடவுன் முதலிய ஊர்களில் ஃபிளானல் என்னும் கம்பளித் துணி நெசவு ஒரு காலத்தில் செழித்திருந்தது. கீழ்த் தளங்களில் குடியிருப்பும் மேல் மாடிகளில் கைத்தறிகளுமாகக் கட்டப்பட்ட கட்டடம் ஒன்று அவ்வூரில் நெசவுக் காட்சிசாலையாக வைக்கப்பட்டிருக்கிறது. தென்மேற்கே டெய்வி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் கம்பளி ஆலைகள் பல இருந்தன. பயிரிடுவோரைப் பொறுத்த வரையில், மலைச்சரிவில் ஆடு மேய்த்தலே அங்குப் பெரும்பான்மை. கடலோரத்துப் பெம்புரோக் ஜில்லா, பருவத்துக்கு முந்திச் சந்தைக்கு வரும் உருளைக்கிழங்குக்குப் பேர்போனது. நியூடவுன் என்ற அந்தச் சிற்றூரில்தான் 1771இல் ராபர்ட் ஓவன் பிறந்தார். 1858இல் அங்கேயே காலமானார். கூட்டுறவின் தந்தை என்று நாம் பாராட்டும் அப்பெரியாரின் ஊர் இக்கதையில் மீண்டும் வரும்.

1974க்கு முன் வேல்ஸ் நாட்டில் 13 ஜில்லாக்கள் இருந்தன. அவற்றுள் பல, நூற்றாண்டுகள் கண்டவை. கார்டிஃப், ஸ்வான்சீ, நியூபோர்ட், மெர்தர் டிட்வில் என்னும் நான்கு நகரங்கள் ஜில்லாவுக்கு உட்படாமல் தனித்து நின்றன. 1972ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையெல்லாம் கலைத்தது. 13 ஜில்லாக்களுக்கு ஈடாக 8 பெரிய ஜில்லாக்களும், அவற்றின் கீழ் 37 வட்டங்களும் ஏற்பட்டன. பள்ளிக்கூடம், பெரிய சாலை, முதியோர் குழந்தைகள் பராமரிப்பு ஆகியவை ஜில்லா மன்றத்தின் பொறுப்பு. வீட்டு வசதி, குப்பை அகற்றுதல் போன்றவை வட்ட மன்றத்தின் பொறுப்பு. ஒரு தெருவில் குடியிருப்பவர் எந்தக் குறைக்கு எந்தக் காரியாலயத்தின் படியேறுவது என்று தெரியாமல் திகைத்ததுண்டு. அதைவிட மனத்தைப் புண்படுத்தியது பெயர் மாற்றம். பெம்புரோக், கார்மார்தன், கார்டிகன் என்ற மூன்று பழைய ஜில்லாக்களும் டவெட் என்ற ஒரே பெயருக்குள் அடங்கின. மான்ட்கோமெரி, ராட்னர், பிரெக்நாக் மூன்றும் போவிஸ் ஆயின. ஆங்கிள்சி என்னும் தீவு குவினெத் ஜில்லாவில் ஒரு வட்டமாயிற்று. தங்கள் ஜில்லாவைத் திருப்பித் தர வேண்டும் என்று பெம்புரோக் மக்கள் இருபது ஆண்டுக் காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களுடைய கோரிக்கை 1994இல் நிறைவேறியது. அவ்வாண்டு லண்டன் பார்லிமெண்டில் நிறைவேறிய வேல்ஸ் ஸ்தல ஸ்தாபனச் சட்டம், 8 ஜில்லா மன்றங்களையும் 37 வட்ட மன்றங்களையும் ஒருங்கே எடுத்துவிட்டு, எல்லாப் பணிகளையும் தாமே செய்யும் 22 மன்றங்களை ஏற்படுத்தியது. பெம்புரோக் மீண்டது, கார்மார்தன் மீண்டது, ஆங்கிள்சித் தீவுக்குத் தனி மன்றம் கிடைத்தது. போவிஸ் மட்டும் மூன்று பழைய ஜில்லாக்களின் சேர்க்கையாகவே நீடித்தது. ஆகவே ராபர்ட் ஓவனின் ஊருக்கு மான்ட்கோமெரி மன்றம் கிட்டவில்லை. வேல்ஸ் நாட்டின் பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போவிஸ். 2021ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி அதில் வசிப்போர் சுமார் 1,33,000 பேர்தாம். மறுபுறம், மெர்தர் டிட்வில் என்னும் சுரங்க நகரம், 60,000 பேரைத் தொடாத ஜனத்தொகையுடன் தனி மன்றமாயிற்று. ஒரே அளவுகோலால் அளந்து வெட்டிய துணி அன்று அது. அங்கங்கே உள்ள உணர்ச்சிக்கும் வற்புறுத்தலுக்கும் ஏற்பக் கத்தரி நகர்ந்திருக்கிறது.

புதிய 22 மன்றங்களும் பொறுப்பேற்க வேண்டிய நாள் 1996 ஏப்ரல் 1. ஆனால் அவற்றுக்குரிய தேர்தல் 1995 மே 4ஆம் தேதியே நடந்தது. ஏறத்தாழப் பதினொரு மாதம் முந்தி! அந்தப் பதினொரு மாதமும் பழைய ஜில்லா மன்றமும் வட்ட மன்றமும் முன்போலவே பள்ளிக்கூடம் நடத்தின, குப்பை வாரின, வீட்டு வாடகை வசூலித்தன. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் சபைக்கு அதுவரை தெருவிளக்கு ஒன்றைக்கூட ஏற்ற அதிகாரமில்லை. நிழல் மன்றம் என்றே அதற்குப் பெயர். 1974 மாற்றத்தின்போதும் இதே முறை கையாளப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிலேயே வாக்களித்துவிட்டு, மறு ஆண்டு ஏப்ரலில் பொறுப்பேற்றார்கள்.

அதிகாரமில்லாத சபைக்கு ஏன் இவ்வளவு முந்தித் தேர்தல்? காகிதத்தில் பார்த்தால் வீண் செலவு போலத் தோன்றும். ஒரே ஊருக்கு மூன்று மன்றங்கள், மூன்று வகை உறுப்பினர்கள், மூன்று கூட்டங்கள். ஆனால் அந்த நிழல் மன்றம் என்ன செய்தது என்று பார்த்தால் அம்முறையின் அருமை விளங்கும். தலைமை நிர்வாக அதிகாரியையும் இலாகாத் தலைவர்களையும் நியமித்தது. முதல் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்தது. 1996 ஏப்ரலிலிருந்து குடிமக்கள் செலுத்த வேண்டிய வரியின் அளவை விவாதித்து முடிவு செய்தது. எந்தப் பள்ளி எந்த இலாகாவின் கீழ், எந்தக் காரியாலயம் எந்த ஊரில் என்பனவற்றையெல்லாம் திட்டமிட்டது. அதாவது, எதிர்காலத்தைக் கட்டிப்போடும் தீர்மானங்கள் எல்லாம், அந்த எதிர்காலத்துக்கு மக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர்களாலேயே செய்யப்பட்டன. கலையப்போகும் மன்றத்தின் உறுப்பினரோ, லண்டனிலிருந்து வந்த உத்தியோகஸ்தரோ அவற்றைச் செய்து வைத்துவிட்டுப் போகவில்லை.

பெயர் விஷயத்திலும் இதன் பலன் தெரிந்தது. பார்லிமெண்ட் சட்டத்தில் ஒரு மன்றத்துக்குக் கார்நார்வன் மெரியோனெத் ஜில்லா என்றும், இன்னொன்றுக்குக் கார்டிகன் ஜில்லா என்றும் பெயர் எழுதியிருந்தது. அவ்வூர் மக்கள் பெரும்பாலோர் வேல்ஸ் மொழி பேசுவோர். புதிய மன்றங்கள் காலந்தாழ்த்தாமல் முன்னதைக் குவினெத் என்றும் பின்னதைக் கெரடிகியன் என்றும் தத்தம் மொழிப் பெயருக்கு மாற்றிக்கொண்டன. அபர்கான்வி கால்வின் என்று சட்டம் பெயரிட்டது கான்வி ஆயிற்று. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்கள், தங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் ஒன்று விட்டுப்போன அன்று பொதுச்சபைக் கூட்டத்துக்கு வந்து பார்க்கட்டும்!

ஆஸ்தி பொறுப்புகளைப் பிரிக்கும் கடினமான வேலையையும் அவர்கள் யோசியாமல் விடவில்லை. 8 ஜில்லாவும் 37 வட்டமும் 22 ஆகும்போது, ஒரு ஜில்லாவின் தலைமைக் கட்டடம் யாருக்கு? எந்த மன்றத்துக்கும் தேவைப்படாத நிலம் யாருக்கு? இவ்வாறு மிஞ்சும் சொத்துக்களையும் கடமைகளையும் ஏற்று முடித்து வைக்கவென்றே எஞ்சிய சொத்து நிர்வாக ஸ்தாபனம் ஒன்று சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்டது. நமது கலைப்பு அதிகாரியின் வேலையைப் போன்றது அதன் வேலை. ஊழியர்கள் நிலைமையைக் கவனிக்கத் தனியே ஓர் ஊழியர் கமிஷன் இருந்தது. தீயணைப்புப் படையைச் சிறிய மன்றங்கள் தனித்தனியே வைத்துக்கொள்ள முடியாதாகையால், நாடு முழுதுக்கும் மூன்று கூட்டு அமைப்புக்கள் ஏற்பட்டன.

அந்தத் தேர்தலின் அரசியல் முடிவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். சட்டத்தைக் கொண்டு வந்தது லண்டனில் ஆட்சியிலிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி. அக்கட்சியால் 22 மன்றங்களில் ஒன்றைக்கூடக் கைப்பற்ற முடியவில்லை. தொழிற்கட்சி பாதிக்கு மேற்பட்ட மன்றங்களைப் பிடித்தது. குவினெத்தில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளெய்ட் கம்ரி வென்றது. போவிஸ் போன்ற கிராமாந்தரப் பகுதிகளில் எக்கட்சியையும் சாராத சுயேச்சைகளே ஓங்கி நின்றார்கள். தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டையை வேறொருவர் உடுத்திக்கொண்டு போனது போலாயிற்று. இருந்தும் தேர்தலை ஒத்திப்போட வேண்டுமென்றோ, முதல் சில ஆண்டுகள் நியமன உறுப்பினர்களைக் கொண்டு நடத்தலாமென்றோ ஆட்சியாளர் வழி தேடவில்லை. சட்டத்தில் குறித்த வழியே தேர்தல் நடந்தது. வேல்ஸ் அனுபவத்தில் நாம் மிகவும் மதிப்பது இதுவே.

இனி நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். சங்கங்களைப் பார்வையிடுவதும் அவற்றின் கணக்கை நோக்குவதும் நமது தொழில். இரண்டு நெசவாளர் சங்கங்கள் ஒன்றாக இணைந்த ஓரிடத்தின் நிலைமையை அங்கத்தினர் அறிந்துகொள்வது நல்லது. இணைப்புத் தீர்மானம் இரு பொதுச்சபைகளிலும் முறைப்படி நிறைவேறிற்று. அதன் பின் இரு நிர்வாகக் குழுக்களும் கலைந்தன. தனி அதிகாரி ஒருவர் பொறுப்பேற்றார். தேர்தல் ஆறு மாதத்தில் என்றார்கள். அது வந்து சேர்வதற்குள், ஒரு சங்கத்தின் சாயச்சாலை மூடப்பட்டது. இருப்பில் இருந்த பழைய நூல் மதிப்புக் குறைத்து எழுதப்பட்டது. தறி எண்ணிக்கைக்கு ஏற்பப் பாவு பங்கிடும் முறை மாறியது. இவற்றுள் எதுவும் தவறான முடிவு என்று நாம் சொல்ல வரவில்லை. சாயச்சாலை நஷ்டத்தில்தான் ஓடியது. ஆனால் பின்னர்த் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் அங்கத்தினர் போய்க் கேட்டபோது, "அது எங்கள் காலத்துக்கு முன் நடந்தது" என்ற பதில் வந்தது. பழைய குழுவினரைக் கேட்டாலோ, "நாங்கள் போன பின் நடந்தது" என்றார்கள். தனி அதிகாரி மாற்றலாகி வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார். பதில் சொல்ல ஆளில்லாத முடிவாக அது நின்றுவிட்டது. இன்றும் அந்தப் பகுதி நெசவாளர் சிலர் சங்கத்துக்குச் சேலை போடாமல் மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்வதற்கு அந்தச் சாயச்சாலையையே காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே, கணக்குப் புத்தகங்கள் இடம் மாறுவதற்கு முன்னரே, அவற்றைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்களை அங்கத்தினர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பது நமது திடமான கருத்து.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்று நிர்வாகத்தையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? தனி அதிகாரி வந்தால்தானே வேலை நடக்கிறது? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏனெனில் வேல்ஸிலேயே அத்தகைய நிலை வந்தது. 1996இல் தனக்கெனத் தனி மன்றத்தைத் திரும்பப் பெற்று மகிழ்ந்த ஆங்கிள்சித் தீவில்தான் அது நேர்ந்தது.

அத்தீவில் சுமார் 70,000 மக்கள். மன்றத்தில் 40 உறுப்பினர்கள். ஆளுக்கொரு சிறு தொகுதி. அவர்களுள் பலர் கட்சி சாராதவர்கள். கொள்கை வேற்றுமையைவிட ஆளுக்கு ஆள் இருந்த பகையே அங்குப் பெரிதாக இருந்தது. குழுக்கள் சேர்வதும் உடைவதும் தலைவர்கள் மாறுவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2009இல் வேல்ஸ் நாட்டுத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் விசாரணை அறிக்கை இந்நிலையைக் கண்டித்தது. வெளியிலிருந்து இடைக்கால நிர்வாகி வந்தும் பூசல் அடங்கவில்லை. 2011 மார்ச்சில் ஸ்தல ஸ்தாபன மந்திரி கார்ல் சார்ஜென்ட், மன்றத்தின் நிர்வாக அதிகாரங்களை ஏற்று நடத்த ஐந்து கமிஷனர்களை நியமிப்பதாக அறிவித்தார். நாட்டின் மற்ற 21 மன்றங்களிலும் 2012 மே மாதம் தேர்தல் நடந்தபோது ஆங்கிள்சி வாக்காளர்கள் மட்டும் வாக்களிக்கவில்லை. அவர்களுடைய தேர்தல் ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டது.

இது நமது தனி அதிகாரி ஆட்சியைப் போன்றதே அல்லவா என்று கேட்கலாம். ஆம், போன்றதுதான். ஆயினும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தேர்தல் ஓராண்டு தள்ளிற்றே தவிர, தேதியில்லாமல் தள்ளவில்லை. வருடம் தெரியும், மாதம் தெரியும். 2013 மே 2ஆம் தேதி தேர்தல் நடந்தே தீர்ந்தது. இரண்டாவது, அந்த ஓராண்டுக் காலம் வீணாக்கப்படவில்லை. நோய் எங்கே என்று பார்த்துத் தேர்தல் அமைப்பையே மாற்றினார்கள். 40 ஒற்றைத் தொகுதிகளை எடுத்துவிட்டு 11 பெரிய தொகுதிகளாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் இருவர் அல்லது மூவர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கை 40லிருந்து 30 ஆகக் குறைந்தது. ஒரு தெருவும் இரண்டு உறவுமுறைக் குடும்பங்களும் கைவசம் இருந்தால் வென்றுவிடலாம் என்ற நிலைமை போய், பல கிராமங்களுக்கும் சென்று முகங்காட்டினாலொழிய வெல்ல முடியாது என்றாயிற்று.

தேர்தல் முடிவில் 14 சுயேச்சைகளும், பிளெய்ட் கம்ரிக் கட்சியினர் 12 பேரும், தொழிற்கட்சியினர் 3 பேரும், லிபரல் டெமாக்ரட் ஒருவரும் வந்தனர். யாருக்கும் தனிப் பெரும்பான்மையில்லை. ஆனாலும் மன்றம் தன் அதிகாரத்தைத் திரும்பப் பெற்றது. தலையீடு முடிவுக்கு வந்தது. கமிஷனர்களின் ஆட்சி நன்றாக இருந்தது, இன்னும் சில ஆண்டு நடக்கட்டும் என்று யாரும் அதை நீட்டித்துக்கொண்டே போகவில்லை. நம்மிடையே தனி அதிகாரியின் பதவிக் காலம் ஆறு மாதம் ஆறு மாதமாக நீண்டு போவதைக் கண்டு பழகியவர்களுக்கு, ஆங்கிள்சியில் நடந்தது சற்று ஆச்சரியமாகவே தோன்றும்.

ராபர்ட் ஓவன் இதைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதும் சுவையாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பருத்தி ஆலையை அவர் நடத்திய முறை உலகம் வியந்தது. குழந்தைகளுக்குப் பள்ளி, தொழிலாளிக்கு நல்ல வீடு, கலப்படமில்லாத சாமான் விற்கும் கடை, குறைந்த வேலை நேரம் ஆகியவற்றையெல்லாம் அவர் செய்தார். ஆனால் அவை யாவும் அவர் செய்தவை. தொழிலாளர் ஓட்டுப் போட்டுச் செய்துகொண்டவையல்ல. தந்தை மக்களுக்குச் செய்வதுபோல் செய்தார். இந்தக் கோணத்தில் பார்த்தால் ஓவன் பெருமான் உலகம் கண்ட மிகச் சிறந்த தனி அதிகாரி என்று நாம் சொன்னால் அபசாரமாகாது. அவருடைய கருத்துக்களில் ஊறிய நெசவாளர் சிலரும் பிற தொழிலாளரும் 1844இல் ராச்டேல் நகரில் கடை திறந்தபோது, ஓவன் வைக்காத ஒன்றைச் சேர்த்தார்கள். பங்கு எவ்வளவாயினும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்பது அது. நியூ லானார்க் ஓவனோடு நின்றது. ராச்டேல் முறை நமது தாலூகா வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வேல்ஸில் எல்லாம் பாலும் தேனுமாக இருக்கிறது என்று வாசகர் எண்ணிவிட வேண்டாம். தேர்தல் உண்டு, ஆனால் போட்டியில்லாத இடங்களும் உண்டு. 2017இல் மொத்தம் 1,254 இடங்களில் 92 இடங்களுக்கு ஒரே ஒரு அபேட்சகர்தான் மனுச் செய்தார். 2022இல் 1,234 இடங்களில் 74 இடங்களின் கதி அதுவே. அந்தத் தொகுதி வாக்காளர்க்கு ஓட்டுச்சீட்டே கிடையாது. போட்டியுள்ள இடங்களிலும் கூட்டம் சொற்பம். 2012இல் நூற்றுக்கு நாற்பது பேர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை. நமது பஞ்சாயத்தைப் போன்ற சமூக மன்றங்கள் அங்கு 700க்கு மேல் உள்ளன. அவற்றின் நிலை இன்னும் மோசம். அபேட்சகர் கிடைக்காமல் காலி இடங்களுக்கு உறுப்பினரை மன்றமே தேடிச் சேர்த்துக்கொள்வது அங்குச் சாதாரணம். 16 வயதானவர்க்கும் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலில் ஓட்டு என்று சட்டம் செய்து 2022இல் முதன்முறையாக அமுலாக்கினார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஒரே பெயர் எழுதிய சீட்டைக் கிழவர் பார்த்தால் என்ன, குமரர் பார்த்தால் என்ன?

நமது சங்கங்களிலும் "போட்டியின்றி ஏகமனதாக" என்று மினிட் புத்தகத்தில் எழுதுவதைப் பெருமையாக நினைக்கிறோம். ஊர் ஒற்றுமையின் அடையாளம் என்று சொல்லி மாலையும் போடுகிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மூன்று தேர்தலாகப் போட்டியில்லை என்றால், நாம் முதலில் பார்ப்பது அங்கத்தினர் பதிவேட்டைத்தான். இறந்தவர் பெயர் எத்தனை, தறியை விற்றுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனவர் பெயர் எத்தனை என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெருக்கிச் சேர்க்கும் ஆசையும் வேல்ஸ் ஆட்சியாளரை விட்டபாடில்லை. 1999இல் கார்டிஃப் நகரில் வேல்ஸ் நாட்டுக்கெனத் தனிச் சட்டசபை ஏற்பட்ட பின், 22 மன்றங்கள் அதிகம் என்ற பேச்சு எழுந்தது. 2014 ஜனவரியில் சர் பால் வில்லியம்ஸ் தலைமையில் அமைந்த கமிஷன், 22ஐ 10, 11 அல்லது 12 ஆகக் குறைக்கலாம் என்று சிபாரிசு செய்தது. தாமாக இணைய முன்வாருங்கள் என்று அரசாங்கம் அழைத்தது. கான்வியும் டென்பியும், டார்வைனும் பிளைனா குவென்டும், பிரிட்ஜெண்டும் வேல் ஆஃப் கிளமார்கனும் என மூன்று ஜோடிகள் முன்வந்தன. 2015 ஜனவரியில் மந்திரி லெய்ட்டன் ஆண்ட்ரூஸ் மூன்றையும் நிராகரித்தார். அவ்வாண்டே 8 அல்லது 9 மன்றங்கள் போதும் என்று அவர் புது வரைபடம் காட்டினார். மறு ஆண்டுத் தேர்தலுக்குப் பின் அதுவும் கைவிடப்பட்டது. 2018இல் மற்றொரு மந்திரி 10 என்றார். அதுவும் நின்றது. வரைபடம் வரைவோர் மாறினார்களேயன்றி, 22 அப்படியே இருக்கிறது.

இணைப்பு நடக்காததனால் மற்றொரு வழி கண்டார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டை நான்கு வட்டாரங்களாக்கி, போக்குவரத்து, பொருளாதார அபிவிருத்தி, நிலப் பயன் திட்டம் ஆகியவற்றுக்குக் கூட்டுக் குழுக்கள் ஏற்பட்டிருக்கின்றன. அந்தந்த மன்றங்களின் தலைவர்களே அவற்றில் அமர்வர். மக்கள் நேராக அவற்றுக்கு வாக்களிப்பதில்லை. தேர்தலில்லாமலே பெரிய அமைப்பின் வசதியை அடைய நினைக்கும் இந்த ஏற்பாட்டில் நமக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நமது மத்திய சங்கங்களில், ஆரம்பச் சங்கத் தலைவர் போய் அமர்ந்து விட்டு வந்து, அங்கே என்ன தீர்மானித்தோம் என்பதை ஊரில் சொல்லாமலே காலம் கழிப்பதை நாம் பார்க்காததா? 1995இல் புதிய மன்றங்களுக்கு முந்தித் தேர்தல் வைத்த அதே நாடு இப்படிச் செய்திருப்பது வருந்தத் தக்கது.

நமது சங்கங்களின் இணைப்பைப் பற்றி இனி யோசிப்பவர்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறோம். இணைப்புத் தீர்மானத்திலேயே புதிய நிர்வாகக் குழுவின் தேர்தல் தேதியைக் குறிக்க வேண்டும். "பின்னர் அறிவிக்கப்படும்" என்ற சொற்கள் அதில் வரக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு, பொறுப்பேற்கும் நாளுக்கு முன் ஒரு மூன்று மாதமாவது, இரு சங்கங்களின் கணக்கையும் சரக்கையும் கடனையும் பார்த்து முதல் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்க உரிமை கொடுக்க வேண்டும். அதுவரை பழைய குழுக்கள் அன்றாட வேலையைக் கவனிக்கட்டும். கட்டடம் விற்பது, சாலை மூடுவது, புது ஆள் நியமிப்பது ஆகியவற்றில் மட்டும் அவை கை வைக்கலாகாது. தவிர்க்க முடியாமல் தனி அதிகாரி வந்தே தீர வேண்டிய சங்கத்தில், அவர் போகும் தேதியும் அவர் வரும் உத்தரவிலேயே இருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் அங்கத்தினர் பதிவேட்டைச் சுத்தம் செய்வதும், தறி உள்ள தெருக்களுக்கும் விளைநிலம் உள்ள கிராமங்களுக்கும் சரியாகப் பிரதிநிதித்துவம் கிடைக்கும்படி குழுவின் இடங்களைப் பங்கிடுவதும் அவருடைய முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. இணைப்புக்கு வரும் சங்கங்கள் தங்கள் தீர்மானத்தில் இந்த நிபந்தனைகளைச் சேர்த்துப் பதிவாளருக்கு அனுப்பலாம். வரும் பொதுச்சபைக் கூட்டத்துக்கு இணைப்பு விஷயம் நிகழ்ச்சி நிரலில் வந்திருக்கும் சங்கங்களின் அங்கத்தினர், கை தூக்குவதற்கு முன் தேர்தல் தேதியை எழுந்து கேட்டு, அதை மினிட் புத்தகத்தில் பதியச் செய்வார்களாக.